ஆணி சரி... ஆள்தான் தப்பு!

கடலடிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து 'டைட்டானிக்' எடுத்தார் ஜேம்ஸ் கேமரூன். கம்பளமும் படகுத் தூக்கியும் அச்சு அசல். செத்துப்போன ஓர் அதிகாரியின் தலையில் மட்டும் லஞ்சமும் கொலையும் ஏறியது எப்படி?

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் ஃபேர்வியூ லான் என்றொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. டைட்டானிக் மூழ்கிய பிறகு, அட்லாண்டிக்கில் மிதந்த உடல்களை மீட்டுக் கொண்டுவந்து அடக்கம் செய்த இடங்களில் ஒன்று. ஒரே மாதிரியான சின்னக் கருங்கற்கள் வரிசை பிடித்து நிற்கும். அதில் 227 என்று எண் போட்ட கல்லில் இருக்கும் பெயர் ஜே. டாசன். 1997 டிசம்பரில் கேமரூனின் படம் வந்ததும் அந்தக் கல்லின் முன்னால் பூக்கள் குவிய ஆரம்பித்தன. சினிமா டிக்கெட் துண்டுகளைக்கூட வைத்துவிட்டுப் போனார்கள். லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த ஜாக் டாசன் இங்கேதான் கிடக்கிறான் என்று பல ஊர் இளம்பெண்கள் நம்பிக் கண் கலங்கினார்கள்.

உள்ளே இருப்பவர் ஜோசப் டாசன். டப்ளின்காரர். கிடங்கிலிருந்து நிலக்கரியை வாரிக் கொதிகலன் அறைக்குத் தள்ளிக் கொடுக்கும் 'டிரிம்மர்' வேலை பார்த்தவர். கப்பலிலேயே கடைசிப்படி வேலை அதுதான். இப்படி ஒருவர் இருந்தது பாத்திரத்துக்குப் பெயர் வைத்தபோது தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார் கேமரூன். நம்பலாம். கரி தள்ளியவருக்கு எண்பத்தைந்து வருடம் கழித்துப் பூ விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டப்பட்டவர் வேறொருவர். வில்லியம் மெக்மாஸ்டர் முர்டாக், கப்பலின் முதல் அதிகாரி. ஸ்காட்லாந்தின் டல்பீட்டி என்ற சின்ன ஊரிலிருந்து வந்தவர். அந்த ஊர் டவுன் ஹால் சுவரில் அவருக்கு நினைவுப் பலகை உண்டு. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் பெயரில் பரிசு உண்டு. அந்த ஊர்க்காரர்கள் தியேட்டரில் போய் உட்கார்ந்து பார்த்தது என்ன? முர்டாக் ஒரு பணக்காரனிடம் கத்தையாக நோட்டு வாங்குகிறார். கூட்டம் நெருக்கியதும் துப்பாக்கியால் பயணிகளைச் சுடுகிறார். ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் தன்னையே சுட்டுக்கொள்கிறார்.

உறவினர்கள் கொதித்தார்கள், ஊர் சேர்ந்துகொண்டது. 1998 ஏப்ரலில் படத்தைத் தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனத்தின் துணைத் தலைவர் ஸ்காட் நீசன் டல்பீட்டிக்கே நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். முர்டாக் நினைவுப் பரிசு நிதிக்கு 5,000 பவுண்டுக்குக் காசோலை கொடுத்தார். படத்தின் செலவு ஏறக்குறைய 20 கோடி டாலர். வசூல் அப்போதே 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஆஸ்கர் பதினொன்று. கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

கம்பளத்துக்குக் காட்டிய அக்கறை

வரலாற்றைப் பற்றி அலட்டிக்கொள்ளாத ஓர் இயக்குநர் இதைச் செய்திருந்தால் சினிமாதானே என்று விட்டுவிடலாம். கேமரூன் அந்த ரகம் இல்லை. படப்பிடிப்புக்கு முன்பே, 1995-ல், ரஷ்யாவின் 'மிர்' நீர்மூழ்கிகளில் பன்னிரண்டு தடவை 3,800 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி உடைந்த கப்பலைப் படம் பிடித்தவர். சாப்பாட்டுக் கூடத்தின் கம்பளத்தை, அசலை நெய்த நிறுவனத்தையே தேடிப் பிடித்துப் பழைய வடிவத்திலேயே நெய்ய வைத்தார். உயிர்காப்புப் படகுகளை இறக்கும் தூக்கிகளைச் செய்ததும் 1912-ல் செய்துகொடுத்த வெலின் நிறுவனத்தின் வாரிசுதான்.

இந்த வெறிக்கு உச்சம் என்று நான் நினைப்பது சவுத்தாம்ப்டன் காட்சி. மெக்ஸிகோவின் ரோஸாரிட்டோ கடற்கரையில் 775 அடி நீளத்துக்குக் கப்பலைக் கட்டினார்கள். அசல் 882 அடி. செலவை மிச்சம் பிடிக்க ஒரு பக்கத்தை மட்டுமே முழுதாக முடித்தார்கள், வலப்பக்கத்தை. மறுபக்கம் வெறும் சாரம். அந்தக் கரையில் வீசும் காற்றுக்குப் புகை சரியான திசையில் போக வலப்பக்கம்தான் தோதாக இருந்தது. ஆனால் 1912 ஏப்ரல் 10-ம் தேதி சவுத்தாம்ப்டனில் டைட்டானிக் கரையை ஒட்டி நின்றது இடப்பக்கமாக. புகைப்படங்கள் இருக்கின்றன, மறைக்க முடியாது. என்ன செய்தார்கள்? வலப்பக்கத்திலேயே எடுத்துவிட்டு, பிம்பத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். திருப்பினால் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறிவிடுமே? அதனால் பெட்டி, தொப்பி, பெயர்ப்பலகை அத்தனையிலும் எழுத்தை முன்கூட்டியே திருப்பி எழுதினார்கள். உடைகளையும் அப்படியே மாற்றித் தைத்தார்கள். ஆயிரம் துணை நடிகர்கள் கண்ணாடி உலகத்து ஆட்களாக நடமாடி, திரையில் நேராகத் தெரிந்தார்கள். கப்பல் எந்தப் பக்கம் நின்றது என்பதற்காக இவ்வளவு பாடு!

அக்கறை வீண்போகவும் இல்லை. 13-ம் எண் படகு தண்ணீரைத் தொட்டு, கயிறு விடுபடாமல் தத்தளிக்கும்போது, 15-ம் எண் படகு அதன் தலைக்கு நேர் மேலே இறங்கிவரும் காட்சி படத்தில் சில நொடிதான். அப்படியே நடந்தது. அந்த 13-ம் படகில், அம்மாவையும் தம்பி தங்கையையும் வேறு படகுக்கு விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ரூத் பெக்கர். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில், அமெரிக்க லூத்தரன் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவள். நம் பக்கத்து வெயிலில் வளர்ந்த குழந்தைக்கு அந்த இரவில் கிடைத்தது பனிக்கட்டி மிதக்கும் கடல்.

பனிப்பாறை தெரிந்ததும் முர்டாக் இடும் 'ஹார்ட் ஏ ஸ்டார்போர்ட்' என்ற உத்தரவைக் கேட்டு, இது வலப்பக்கம் ஆயிற்றே, கப்பல் இடப்பக்கம் அல்லவா திரும்புகிறது என்று பிழை கண்டுபிடித்தவர்கள் ஏராளம். பிழை அவர்களுடையது. அந்தக் காலத்தில் உத்தரவு சுக்கான் கட்டைக்கு. கட்டை வலம் போனால் கப்பல் இடம் போகும். கேமரூன் இதிலும் சரி.

போகட்டும் என்று விடத்தக்கவை

தப்புகளும் இருக்கின்றன. பட்டியல் போடுவது சிலருக்குப் பொழுதுபோக்கு. விஸ்ஸோட்டா ஏரியில் பனியை உடைத்து மீன் பிடித்ததாக ஜாக் சொல்கிறான். அது அணை கட்டி 1917-ல் உண்டாக்கிய ஏரி. கதாநாயகி ரோஸின் அறையில் பிகாசோவின் 'அவிஞோன் பெண்கள்' ஓவியம் தண்ணீரில் அமிழ்கிறது. அது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகச் சுவரில் பத்திரமாகத் தொங்குகிறது. டைட்டானிக்கோடு நிஜமாகவே போன பெரிய ஓவியம் ஒன்று உண்டு. பிரெஞ்சு ஓவியர் புளோந்தேல் வரைந்த, குளிக்கும் செர்காஸியப் பெண்ணின் படம். அதன் சொந்தக்காரர் கேட்ட நஷ்டஈடு ஒரு லட்சம் டாலர். கப்பலில் தொலைந்த எந்த ஒரு பொருளுக்கும் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

மேசீஸ் கடை முதலாளிகளில் ஒருவரான இசிடோர் ஸ்ட்ராஸும் மனைவி ஐடாவும் கட்டிலில் கட்டிப்பிடித்துப் படுத்திருக்க, அறைக்குள் தண்ணீர் ஏறுகிறது. பார்த்தவர்கள் யாரும் மறக்காத காட்சி. உண்மையில் அந்த முதிய தம்பதியைக் கடைசியாகக் கண்டது மேல்தளத்தில். படகில் ஏற மறுத்த ஐடா தன் ஃபர் கோட்டைக் கழற்றிப் பணிப்பெண்ணுக்குக் கொடுத்து அவளைப் படகேற்றினார். நிஜத்தில் நடந்ததே எந்தத் திரைக்கதை எழுத்தாளருக்கும் போதும். கட்டில் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்தத் தம்பதியின் மானத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஏரி, ஓவியம், கட்டில் எல்லாம் காதல் கதைக்குக் கொடுக்கும் சலுகையில் கழிந்துவிடும்.

முர்டாக் அப்படிக் கழிகிறவர் அல்ல.

முர்டாக் சுட்டாரா?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. டல்பீட்டிக்காரர்களின் கோபம் நியாயம் என்று சொல்லிவிட்டு நழுவிவிட முடியாது. கேமரூன் துப்பாக்கியைக் காற்றிலிருந்து பிடித்துக்கொண்டு வரவில்லை.

தப்பிப் பிழைத்த முதல் வகுப்புப் பயணி ஜார்ஜ் ரீம்ஸ், சில நாள் கழித்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் அதிகாரி ஒருவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டதைப் பார்த்ததாகச் சொல்கிறார். மூன்றாம் வகுப்பில் வந்த அயர்லாந்துக்காரர் யூஜின் டேலியும் ஏறக்குறைய அதையே எழுதுகிறார். இருவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. எந்த அதிகாரி என்று இருவருமே பெயர் சொல்லவில்லை. முர்டாக்கின் உடல் கிடைக்கவே இல்லை.

எதிர்த் தரப்பின் முக்கியச் சாட்சி இரண்டாம் அதிகாரி சார்ல்ஸ் லைட்டோலர். தப்பியவர்களில் மூத்த அதிகாரி அவர்தான். முர்டாக்கின் மனைவி ஏடாவுக்கு அவர் எழுதி, மற்ற மூன்று அதிகாரிகளும் கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறது. முர்டாக் கடைசி நிமிடம் வரை ஒரு படகை விடுவிக்கப் போராடிக்கொண்டிருந்தார், கடல் அவரை அடித்துக்கொண்டு போனது, பத்திரிகைக் கதைகள் பொய் என்பது அதன் சாரம்.

உடனே லைட்டோலர் பக்கம் சாயத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். இதே லைட்டோலர்தான் அமெரிக்க, பிரிட்டிஷ் விசாரணைகள் இரண்டிலும், கப்பல் உடையாமல் முழுசாகத்தான் மூழ்கியது என்று அடித்துச் சொன்னவர். விசாரணைகள் அவர் சொன்னதையே தீர்ப்பாக எழுதிக்கொண்டன. கப்பல் நடுவில் முறிந்தது என்று பல மாலுமிகள் சொன்னார்கள். பதினேழு வயது ஜாக் தேயர் சொன்னதைக் கேட்டு, மீட்க வந்த கார்பேத்தியா கப்பலிலேயே ஒருவர் அதைப் படமாக வரைந்தார். அப்போது ஏழு வயதான ஈவா ஹார்ட் கடைசிவரை இதையே சொல்லிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளை, பயத்தில் ஏதோ பார்த்திருக்கும் என்று தள்ளினார்கள். 1985 செப்டம்பர் 1-ம் தேதி ராபர்ட் பல்லார்டின் குழு கடலடியில் கப்பலைக் கண்டுபிடித்தது. முன்பகுதி ஓரிடத்தில், பின்பகுதி அரைக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இன்னோரிடத்தில்! ஏழு வயதுப் பெண் பார்த்தது சரி. சீருடை போட்டவர் சொன்னது தப்பு. பிரிட்டிஷ் விசாரணையில் நிறையப் பூசி மெழுக வேண்டியிருந்தது என்று 1935-ல் எழுதிய சுயசரிதையில் லைட்டோலரே மறைக்காமல் சொல்லிவிட்டார்.

இதனால்தான் 1958-ல் வந்த 'எ நைட் டு ரிமெம்பர்' படத்திலும் கப்பல் முழுசாகவே மூழ்குகிறது. வால்டர் லார்டின் புத்தகத்தை வைத்து ராய் வார்ட் பேக்கர் இயக்கிய படம். டைட்டானிக்கின் நான்காம் அதிகாரி பாக்ஸ்ஹாலே ஆலோசகராக உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் டைட்டானிக் படங்களில் நேர்மையானது எது என்று கேட்டால் விஷயம் தெரிந்தவர்கள் அதைத்தான் கை காட்டுவார்கள். அதன் மிகப்பெரிய வரலாற்றுப் பிழை இயக்குநருடையது இல்லை, நீதிபதிகளுடையது. அந்தப் படப்பிடிப்பில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிட வேண்டும். தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவரான லாரன்ஸ் பீஸ்லி, மூழ்கும் காட்சியில் துணை நடிகர்களோடு யாருக்கும் தெரியாமல் நுழைந்துவிட்டார். இந்தத் தடவை கப்பலோடேயே போய்விடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. இயக்குநர் கண்டுபிடித்து இறக்கிவிட்டார். வாழ்க்கையில் இரண்டாம் தடவையாக அவர் டைட்டானிக்கிலிருந்து தப்பினார்.

கேமரூனின் கப்பல் முறிகிறது. பின்பகுதி வானத்தைப் பார்த்து உயரமாக ஏறிய பிறகு ஆரவாரமாக முறிகிறது. 2012-ல் அவரே நிபுணர்களை உட்கார வைத்துக் கணக்குப் போட்டபோது, அவ்வளவு சாய்வு தாங்கியிருக்காது, 23 டிகிரி அளவிலேயே முறிந்திருக்கும் என்று தெரிந்தது. கேமரூன் ஒப்புக்கொண்டார். பொருள் விஷயத்தில் திருத்திக்கொள்ள அவர் தயங்கியதே இல்லை.

முர்டாக்கிடம் திரும்புவோம். துப்பாக்கி வெடித்ததா, வெடித்திருந்தால் யார் கையில் என்பதற்கு நம்மிடம் முடிந்த முடிவு கிடையாது. அந்த இருட்டில் ஓர் இயக்குநர் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டார் என்று வாதாடலாம். ஆனால் லஞ்சம்? அதற்கு ஒரு கடிதம் கிடையாது, ஒரு சாட்சி கிடையாது, ஒரு வதந்திகூட எனக்குத் தெரிந்து கிடையாது. ரோஸின் வருங்காலக் கணவன் எவ்வளவு கெட்டவன் என்று காட்ட யாரோ ஒருவன் பணம் வாங்க வேண்டியிருந்தது; முர்டாக் வாங்கினார். அவ்வளவுதான். இத்தனைக்கும், 'பெண்கள், குழந்தைகள் மட்டும்' என்று இடப்பக்கத்தில் லைட்டோலர் கறாராக நின்று, இடம் காலியாக இருந்தும் ஆண்களைத் தடுத்தார். பெண்கள் அருகில் இல்லாவிட்டால் ஆண்களையும் ஏற்றலாம் என்று வலப்பக்கத்தில் முர்டாக் அனுமதித்தார். தப்பியவர்களில் பெரும்பான்மையோர் அவர் பக்கத்துப் படகுகளில் போனவர்கள். எந்த ஆணும் அவரிடம் பணம் கொடுத்து இடம் வாங்க வேண்டிய நிலையே இல்லை. படத்தின் கதைப்படி பார்த்தாலும் கதை நிற்கவில்லை.

அந்த இடத்தில் தனக்குள் இருந்த கதைசொல்லி முந்திக்கொண்டான், வரலாற்றாசிரியன் பின்னால் போய்விட்டான், நிஜப் பெயர் கொண்ட ஒருவரை அப்படிக் காட்டியிருக்கக் கூடாது என்று பிற்பாடு கேமரூன் வருந்தினார். பெயர் இல்லாத ஓர் அதிகாரி என்று காட்டியிருந்தால் கதையில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைந்திருக்காது.

வில்லன் வேண்டும்

மூழ்கிய மறுவாரமே ஆளுக்கொரு வில்லன் தேவைப்பட்டான். கிடைத்தவர் ப்ரூஸ் இஸ்மே, வைட் ஸ்டார் லைன் கம்பெனியின் தலைவர். படகில் ஏறித் தப்பித்ததே குற்றம். ஹர்ஸ்ட் பத்திரிகைகள் அவரை உரித்தெடுத்தன. கேமரூன் படத்தில் அவர் கேப்டனைச் சீண்டி வேகத்தைக் கூட்டச் சொல்கிறார். இதற்கு ஆதாரம் உண்டு. எலிசபெத் லைன்ஸ் என்ற பயணி, முந்தின 'ஒலிம்பிக்' கப்பலைவிடச் சீக்கிரம் போகலாம் என்று இஸ்மே கேப்டனிடம் பேசியதைக் காதால் கேட்டதாகப் பின்னாளில் சாட்சி சொன்னார். ஆனால் பல படங்கள் காட்டுவதுபோல உலக சாதனைக்காக ஓடினார்கள் என்பது நடக்கவே முடியாத காரியம். போட்டிக் கம்பெனியின் 'மாரிடேனியா' 26 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. டைட்டானிக் வேகத்துக்காகக் கட்டிய கப்பலே இல்லை, சொகுசுக்காகக் கட்டியது. பனிப்பாறையில் மோதியபோது போன வேகம் ஏறத்தாழ 22 நாட். பிரிட்டிஷ் விசாரணையை நடத்திய லார்ட் மெர்ஸி, இஸ்மே படகில் குதிக்காமல் இருந்திருந்தால் செத்தவர் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும், வேறெதுவும் நடந்திருக்காது என்று எழுதினார். அது யார் காதிலும் ஏறவில்லை.

இஸ்மேயை முழு ராட்சதன் ஆக்கியது நாஜி அமைச்சர் கோயபல்ஸின் ஆதரவில் 1943-ல் வந்த ஜெர்மன் 'டைட்டானிக்'. பங்கு விலையை ஏற்றப் பனிக்கடலில் கப்பலை விரட்டும் பேராசைக்கார ஆங்கிலேயர்கள். அவர்களுக்கு நடுவே புத்தி சொல்லும் ஒரே நல்லவன், பீட்டர்ஸன் என்ற ஜெர்மன் அதிகாரி. அப்படி ஒருவர் கப்பலில் இருக்கவே இல்லை. இயக்குநர் ஹெர்பர்ட் செல்பின் படப்பிடிப்பில் கடற்படை அதிகாரிகளைத் திட்டியதற்காகக் கைதானார். 1942 ஆகஸ்டில் சிறையறையில் தூக்கில் தொங்கியபடி கிடைத்தார். படத்தை வேறொருவர் முடித்தார். கப்பல் மூழ்கும் பீதிக் காட்சிகளைப் பார்த்த கோயபல்ஸுக்கே, குண்டுவீச்சில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஜெர்மனியில் இதைக் காட்ட மனம் வரவில்லை. உள்நாட்டில் தடை போட்டார். டைட்டானிக்காக நடித்த 'காப் அர்கோனா' என்ற கப்பலில் போர் முடியும் தறுவாயில் நாஜிகள் வதைமுகாம் கைதிகளை அடைத்தார்கள். 1945 மே 3-ம் தேதி பிரிட்டிஷ் விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டன. டைட்டானிக்கில் செத்ததைவிட அதிகம் பேர் அந்த டூப் கப்பலில் செத்தார்கள்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. நாஜிகள்கூடத் தங்கள் நல்லவனுக்குக் கற்பனைப் பெயரைத்தான் வைத்தார்கள். கேமரூன் தன் குற்றவாளிக்கு நிஜப் பெயரை எடுத்துக்கொண்டார்.

பூட்டிய கதவு

படத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது, தரையிலிருந்து கூரை வரை இழுத்துப் பூட்டிய மடக்குக் கம்பிக் கதவுகள். பின்னால் மூன்றாம் வகுப்பு ஏழைகள் கதறுகிறார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் பலரைக் கேட்டால், பயணிகள் நடமாடிய பகுதியில் இப்படிப்பட்ட கதவுகள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்பார்கள். அவை இருந்தது சிப்பந்திகள் புழங்கும் சில இடங்களில். மூன்றாம் வகுப்பைப் பிரித்தது பெரும்பாலும் இடுப்பளவு கேட்டும் அறிவிப்புப் பலகையும்தான். பிரித்து வைக்கச் சொன்னது அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், நோய் பரவுமாம்.

ஆக கதவு தப்பு. கதவு சொல்லும் சேதி தப்பா? முதல் வகுப்பில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருபத்தைந்து. முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் பிழைத்தன. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குதான் கரை சேர்ந்தது. மூன்றாம் வகுப்புத் தளத்தில் படகு ஒன்றுகூடக் கிடையாது. கப்பலின் அடிவயிற்றிலிருந்து படகுத் தளத்துக்கு வர, பழக்கமில்லாத நடைபாதைகளும் படிகளும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஸ்வீடன்காரர்கள், சிரியாக்காரர்கள், ஃபின்லாந்துக்காரர்கள். ஜான் ஹார்ட் என்ற சிப்பந்தி தானாகப் பொறுப்பெடுத்து இரண்டு நடை பெண்களையும் குழந்தைகளையும் மேலே கூட்டிவந்தார். அப்படி ஒரு ஹார்ட் கிடைக்காதவர்கள் கீழேயே காத்திருந்தார்கள். ஒரு கேட்டைப் பூட்டினார்கள், ஒருவர் அதை உடைத்தார் என்று டேனியல் பக்லி என்ற அயர்லாந்து இளைஞர் அமெரிக்க செனட் குழுவிடம் சாட்சியும் சொன்னார்.

பாகுபாடு எதுவும் நடக்கவில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை முடிவு கட்டியது. அந்த விசாரணை மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இஸ்மேயைத் தவிரப் பயணிகள் என்று கூண்டேறியவர்கள் சர் காஸ்மோ டஃப் கார்டனும் அவர் மனைவியும் மட்டும். கேமரூனின் கம்பிக் கதவு, கட்டடக்கலைப்படி பொய். ஆனாலும் மெர்ஸியின் அறிக்கையைவிட அது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓட்டையின் கதையும் இப்படித்தான். பனிப்பாறை கப்பலை 300 அடிக்குக் கிழித்துவிட்டது என்று பல காலம் நம்பினார்கள். கப்பலை வடிவமைத்த குழுவிலிருந்த எட்வர்ட் வைல்டிங், தண்ணீர் ஏறிய வேகத்தை வைத்து, ஓட்டைகளின் மொத்தப் பரப்பு 12 சதுர அடிதான் இருக்கும் என்று 1912-லேயே சொன்னார். நம் வீட்டு வாசல் கதவைவிடச் சின்னது. 1996-ல் ஒலியலைக் கருவி வைத்துப் பார்த்தபோது ஆறு மெல்லிய கீறல்கள்தான் தெரிந்தன.

வெட்டிப் போட்ட துண்டுகள்

படத்தில் இருக்கும் பிழைகளைவிட, படத்தில் இல்லாதவை எனக்கு அதிகம் உறுத்துகின்றன. பார்வைக்கு எட்டும் தூரத்தில் 'கலிஃபோர்னியன்' என்ற கப்பல் பனிக்கு நடுவே எஞ்சினை நிறுத்திக் கிடந்தது. அதன் வயர்லெஸ் ஆப்பரேட்டர் தூங்கப் போய்விட்டார். டைட்டானிக் விட்ட வெள்ளை ராக்கெட்டுகளை அதன் அதிகாரிகள் பார்த்தார்கள், கேப்டனிடமும் சொன்னார்கள். யாரும் ஆப்பரேட்டரை எழுப்பவில்லை. டைட்டானிக்கின் கதையில் இதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை. இது குறித்துக் கேமரூன் எடுத்த காட்சி வெட்டப்பட்டது.

இன்னொரு துண்டும் வெட்டுப்பட்டது. கப்பலில் எட்டுச் சீனத் தொழிலாளிகள் இருந்தார்கள். ஆறு பேர் பிழைத்தார்கள். அதில் ஃபாங் லாங் என்பவர் மிதந்த மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு கடலில் கிடந்தார். ஐந்தாம் அதிகாரி லோவின் படகு திரும்பி வந்தது. லோ முதலில் தயங்கினார் என்றும், ஏற்றிய சிறிது நேரத்தில் அந்த மனிதர் தெளிந்து எழுந்து, களைத்துப்போன மாலுமியிடமிருந்து துடுப்பை வாங்கி வலித்ததைப் பார்த்து வெட்கப்பட்டார் என்றும் படகில் இருந்த சார்லட் காலியர் எழுதினார். அவரை ஜப்பான்காரர் என்று காலியர் நினைத்திருந்தார். நியூயார்க் வந்ததும் மற்றவர்களுக்குக் கம்பளியும் சூப்பும் கிடைத்தன. சீனரை நாட்டுக்குள் விடக் கூடாது என்று 1882-லிருந்து சட்டம் இருந்ததால், இந்த ஆறு பேரையும் 24 மணி நேரத்துக்குள் வேறொரு கப்பலில் ஏற்றிக் கியூபாப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பெண் வேடமிட்டுப் படகில் ஒளிந்தார்கள் என்று பத்திரிகைகள் வேறு எழுதின.

படத்தின் முடிவில் ரோஸ் படுத்து மிதக்கும் மரப்பலகையில் ஜாக்குக்கும் இடம் இருந்ததா என்று கால் நூற்றாண்டாக உலகம் சண்டை போடுகிறது. 2023-ல் கேமரூன் ஆட்களைக் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டுப் பரிசோதனையே செய்து காட்டினார். 2024-ல் அந்தப் பலகை ஏலத்தில் 7,18,750 டாலருக்குப் போனது. பலகையில் நிஜமாகக் கிடந்தவரின் கதை 'தி சிக்ஸ்' என்ற ஆவணப்படத்தில்தான் வெளியே வந்தது. நியாயமாகச் சொன்னால், அதற்கு நிர்வாகத் தயாரிப்பாளராகக் கை கொடுத்ததும் இதே கேமரூன்தான்.

நூற்றாண்டை ஒட்டி 2012 ஏப்ரலில் படம் முப்பரிமாணத்தில் மறுபடி வந்தது. ரோஸ் பலகையில் படுத்து அண்ணாந்து பார்க்கும் வானம் தப்பு, பாதி வானத்தை எடுத்து மறுபாதிக்குத் திருப்பி ஒட்டியிருக்கிறீர்கள் என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் பல வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். சரி, சரியான வானத்தை அனுப்புங்கள் என்றார் கேமரூன். 1912 ஏப்ரல் 15, அதிகாலை 4.20 மணிக்கு அட்லாண்டிக்கின் அந்த இடத்தில் எந்த நட்சத்திரம் எங்கே இருந்தது என்று டைசன் கணக்கிட்டுக் கொடுத்தார். அந்த ஒரு ஷாட் மாற்றப்பட்டது. படம் முழுக்க மாற்றப்பட்டது அந்த ஒன்றுதான். முர்டாக் வாங்கும் பணமும் சுடும் துப்பாக்கியும் அப்படியே முப்பரிமாணத்திலும் வந்தன.